கவுன்சிலர் நட்ட மரம்

பழைய மில் குவார்ட்டர்ஸில் பாழாய்க் கிடந்த பூங்காவை நலச் சங்கத்தார் சீர்செய்தார்கள். திறப்புவிழாவுக்கு அழைத்தால் கவுன்சிலர் வேதாசலம் முறுக்கிக்கொண்டார்.

"பந்தல் கூடாது. மர நிழல்லதான் உட்காருவேன். நிழல் இல்லேன்னா பூங்கா எதுக்கு? கார் நிறுத்த விட்டுடுவேன்."

இருந்ததெல்லாம் முழங்கால் உயரச் செடிகள். சங்கத்தார் கலங்கினார்கள். "நாற்காலிய நான் போடறேன்" என்றாள் தோட்டக்காரி கன்னியம்மா.

கவுன்சிலர் வந்தார். நாற்காலி மொட்டை வெயிலில் கிடந்தது.

"எங்கேம்மா நிழல்?" என்று கத்தினார்.

கன்னியம்மா பக்கத்திலிருந்த கல்லைத் துடைத்துக் காட்டினாள். 'இம்மரக்கன்றை நட்டவர் கவுன்சிலர் வேதாசலம்.' பத்து வருஷத்துக் கல்.

"உங்க மரத்தடியிலதான் சார் போட்டிருக்கேன்."

கூட்டம் சிரித்தது. வேதாசலம் வெறுந்தரையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"இந்தச் செடிங்களுக்காவது தண்ணி ஊத்தறீங்களா?"

"தினம் ஊத்தறோம் சார். கல்லுதான் வைக்கல."