கூடம் முழுவதும் எழுந்து நின்றது

கேட்பவர் முதலில் இவற்றை அறிந்துகொள்ள வேண்டும். மூளையின் அடியில், பட்டாணி அளவில், பிட்யூட்டரிச் சுரப்பி இருக்கிறது. அதற்கு மேலுள்ள ஹைபோதலாமஸ் அதற்கு ஒரு ஹார்மோனை அனுப்பும். பிட்யூட்டரியின் செல்கள் அதைத் தம் ஏற்பிகளால் பற்றிக்கொண்டு, கழுத்திலுள்ள தைராய்டைத் தூண்டும். தைராய்டு சுரக்கும் ஹார்மோன் இரத்தத்தின் வழியே பிட்யூட்டரிக்கும் வந்து சேரும். அது வராவிட்டால் என்ன ஆகும் என்பதே கதை.

அரசு மருத்துவமனை ஒன்றில் ஹார்மோன் துறையின் தலைவர் திலோத்தமை. மூளை அறுவையில் பயிற்சி பெற்றுவந்த இன்னாசிமுத்து அவரிடம் பாடம் கேட்க வந்திருந்தார்.

ஒரு காலை, ஸ்கேன் படத்தோடு அவர் ஓடி வந்தார்.

"மேடம்! சுடலைவடிவுக்குப் பிட்யூட்டரி ரெண்டு மடங்கு வீங்கியிருக்கு. கட்டிதான். நாளைக்கு தியேட்டர் கிடைச்சிருச்சு. அறுக்கப்போறது நான்!"

சுடலைவடிவு ஆடு வளர்ப்பவர். முகம் ஊதி, குரல் கரகரத்து, நடு வெயிலிலும் குளிருகிறது என்று போர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தவர்.

"ரத்தப் பரிசோதனை?" என்றார் திலோத்தமை.

"தைராய்டு ஹார்மோன் இல்லவே இல்லைன்னு சொல்லலாம். அதுக்கு மாத்திரையை அப்புறமா கொடுத்துக்கலாம்."

"அப்புறமாவா?"

திலோத்தமை தம் அறைக்குள் போகவில்லை. வெளிநோயாளிகள் கூடத்தில் ஒரு தூணின் மறைவில் நின்றார், இன்னாசிமுத்துவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

அறையில் திலோத்தமையின் நாற்காலி காலியாக இருந்தது. நர்ஸ் வாசலில் தலையை நீட்டினார். கூடம் முழுவதும் எழுந்து நின்றது. துணைக்கு வந்தவர்களும் வாசலை அடைத்தனர்.

"உக்காருங்க! தலையைத்தானே நீட்டினேன்?"

"அடுத்த தடவை டாக்டரையும் சேர்த்து நீட்டு தாயி!" என்றது ஒரு குரல்.

காவலாளி தூணருகே வந்தார். "கூட்டம் மீறுது மேடம். பாதிப் பேரை வெளியே தள்ளிரவா?"

திலோத்தமை இன்னாசிமுத்துவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. நாளைக்கு நீங்க செய்யப்போறதும் அதுதானே."

அவர் கையிலிருந்த ஸ்கேன் படத்தை மீண்டும் விரித்தார்.

திலோத்தமை போய் நாற்காலியில் அமர்ந்தார். நோயாளிகள் உள்ளே வந்து போகத் தொடங்கினர். நின்றவர்கள் பெஞ்சுகளுக்குத் திரும்பினர். நர்ஸ் மீண்டும் தலையை நீட்டினார். ஒருவர் மட்டும் எழுந்தார்.

இன்னாசிமுத்து அறைக்குள் பாய்ந்தார்.

"அந்தக் கூட்டம்தான் ஏற்பிகள் மேடம்! வராத டாக்டர்தான் தைராய்டு ஹார்மோன். தைராய்டு ஹார்மோன் வராததால பிட்யூட்டரி தன் ஏற்பிகளைக் கூட்டிக்கிச்சு. செல்களும் பெருகிருச்சு. ஹார்மோன் வந்தா தானா குறைச்சுக்கும். அது கட்டியே இல்லை!"

"இருக்கலாம். வீக்கம் கண் நரம்பை அழுத்திப் பார்வை கெட்டிருக்கா?"

"நானே சோதிச்சேன். சரியா இருக்கு."

"அப்ப காத்திருக்க நேரம் இருக்கு. ஓடுங்க!"

ஓடினார். தியேட்டரை ரத்து செய்துவிட்டு, வார்டுக்குப் போய்ச் சொன்னார்.

"அறுக்கலையா?" என்று பதறி எழுந்தார் சுடலைவடிவு. "ஐயையோ, மேய்க்க ஆளில்லைன்னு ஆட்டையெல்லாம் வித்துரச் சொல்லிட்டேனே! எங்க வீட்டுக்காரருக்கு உடனே போனைப் போடுங்க டாக்டர்!"

பின்னர் உறுதியானவை இவை. அறுவை நடக்கவில்லை. தைராய்டு மாத்திரை, குறைந்த அளவில் தொடங்கி, தினமும் காலையில் வெறும் வயிற்றில் கொடுக்கப்பட்டது. சில மாதங்களில் குரல் தெளிந்தது, குளிர் விட்டது. அடுத்த ஸ்கேனில் பிட்யூட்டரி தன் பழைய அளவுக்குச் சுருங்கியிருந்தது.

அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு இன்னாசிமுத்து கேட்டார்: "அன்னைக்கு அறுத்திருந்தா, மேடம்?"

"கூட்டம் கலைஞ்சிருக்கும். டாக்டர் வந்திருக்க மாட்டாங்க."