இரண்டு முகவரி எழுதிய கார்டு

குற்றாலத்துக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஒரு தியான இல்லம் இருந்தது. அதை நடத்தியவர் ஒரு காலத்தில் பள்ளியில் பூகோளம் சொல்லிக் கொடுத்தவர். வேலையை விட்டு இங்கே வந்த பிறகும் யாரும் அவரைக் குரு என்று கூப்பிடவில்லை. டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

காலையில் தியானம். மாலையில் எல்லோரும் உட்கார்ந்து உலக நாடுகளுக்குப் படக் கார்டு எழுதுவார்கள். அதுவும் அங்கே ஒரு பயிற்சி.

முறை இப்படி. கணினியில் கேட்டால் எங்கோ இருக்கும் முன்பின் தெரியாத ஒருவரின் முகவரி வரும். தன்னைப் பற்றி அவர் எழுதிய நாலு வரியும் வரும். அவருக்கு ஒரு கார்டு எழுதிப் போட வேண்டும். கிடைத்ததும் அவர் கணினியில் பதிந்துவிடுவார். அதன் பிறகு மூன்றாவதாக ஒருவர், வேறு ஏதோ நாட்டிலிருந்து, உங்களுக்கு ஒரு கார்டு போடுவார். நீங்கள் யாருக்குப் போட்டீர்களோ அவர் பதில் போட மாட்டார். அவர் போட வேண்டியதும் இல்லை.

அருமைநாயகம் அங்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. டீச்சரைவிட மூத்தவர். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வர வேண்டிய வண்டி வராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்றும் அது மாறவில்லை.

அவருக்கு வந்த முதல் முகவரி ஐரோப்பாவின் வடக்கே எஸ்தோனியாவில் இருந்தது.

'என் பெயர் மாரெட். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது என் தொழில். தனியாக இருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் எனக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரிக்குக் கையில் எடுத்துப் போக ஒரு கார்டு வந்தால் சந்தோஷப்படுவேன்.'

அருமைநாயகம் அதை இரண்டு முறை படித்தார்.

"டீச்சர், எஸ்தோனியாவுக்குக் கார்டு எத்தனை நாள்ல போவும்?"

"சில சமயம் ரெண்டு வாரம். சில சமயம் ஒன்றரை மாசம்."

"எது எப்பம்னு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா எப்படி? ஒரு கணக்கு இருக்கணும்லா?"

டீச்சர் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார். "எழுதுங்க ஐயா."

அருவிப் படம் போட்ட கார்டு ஒன்றை அவர் எடுத்தார். சமையலைப் பார்த்துக்கொள்ளும் பூரணி எட்டிப் பார்த்தாள்.

"குளிர் நாட்டுக்காரிக்கு அருவியையா அனுப்புதிய அண்ணாச்சி? பாத்ததும் ஜன்னி வந்துரும்."

அவர் அதை வைத்துவிட்டு, களத்தில் மிளகாய் வற்றல் காயும் படத்தை எடுத்தார்.

"இப்பம் தும்மல் வரும்."

"நீ அடுப்பைப் பாரு தாயி."

எழுதி முடித்ததும் யாரிடமும் காட்டவில்லை. தானே தபாலாபீசுக்கு நடந்து போனார். ஸ்டாம்பின் மேல் முத்திரை விழும் வரை கவுண்டரில் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

மறுநாள் காலையே கேட்டார். "பதிஞ்சிருக்காங்களா டீச்சர்?"

"கார்டு இன்னும் திருநெல்வேலி தாண்டியிருக்காது ஐயா."

அதற்கு அடுத்த நாளும் கேட்டார். அதற்கு அடுத்த நாளும். தியானத்தில் கண்ணை மூடினால் சாலையில் போகிற ஒவ்வொரு மொபெட்டும் காதில் விழுந்தது. தபால்காரர் இசக்கியின் வண்டி எது என்று சத்தத்திலேயே தெரிந்துகொண்டார். அது நிற்காமல் போனால் இலையில் வைத்த இட்லி அப்படியே கிடக்கும்.

"பொண்ணு பாத்துட்டுப் போன வீட்லேர்ந்து தகவல் வரலைன்னுகூட ஒரு மனுசன் இப்படி இருக்க மாட்டான்," என்றாள் பூரணி.

"உனக்கு என்ன தெரியும்? அந்தம்மாவுக்கு நெஞ்சைத் திறக்கப் போறாங்க."

"அதுக்கு நீங்க ஏன் சாப்பிடாம கெடக்கியோ? உங்களுக்கா ஆபரேசன்?"



மாதக் கடைசிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. ஒரு மதியம் இசக்கியின் மொபெட் வாசலில் நின்றது.

"ஐயா, உங்களுக்குத்தான். படம் போட்ட கார்டு."

அருமைநாயகம் செருப்பில்லாமல் ஓடினார். வாங்கிப் பார்த்தார். களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. திருப்பினார். அவருடைய கையெழுத்து.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்க வாயெடுத்த பூரணி அவர் முகத்தைப் பார்த்துச் சும்மா இருந்தாள்.

டீச்சர் வந்து கார்டை வாங்கிப் பார்த்தார். 'தாங்கள் பிழைத்து வந்ததும் எனக்கு அவசியம் பதில் எழுதவும். மறக்க வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குக் கீழே அருமைநாயகத்தின் முகவரி, பெரிய எழுத்தில், பின்கோடைச் சுற்றிக் கட்டம் கட்டி. மாரெட்டின் முகவரி வலது ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கியடித்துக் கிடந்தது.

"தபால் பிரிக்கிற இடத்துல உங்க முகவரிதான் கண்ணுல பட்டிருக்கு. உங்களுக்கே அனுப்பிட்டாங்க."

"ஆபரேசன் எப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியணுமே டீச்சர். அதான் எழுதினேன்."

டீச்சர் கார்டைத் திரும்ப அவரிடம் நீட்டினார்.

"கூரியர்ல போட்டா?" என்று அருமைநாயகம் எழுந்தார். தெருமுனைக் கடைக்குப் போய்ப் போன் செய்து கேட்டுவிட்டு வந்தார். முகம் இன்னும் இருண்டிருந்தது. "அதுவும் தேதிக்குள்ள போவாதாம்."

"கம்ப்யூட்டர்லயே ரெண்டு வார்த்தை சொல்லிர வேண்டியதுதான?" என்றாள் பூரணி.

"அதை இப்பவே சொல்லிரலாம்," என்றார் டீச்சர். "அவங்க கேட்டது கையில பிடிச்சுக்க ஒண்ணு."

உள்ளே போய்க் கணினியில் மாரெட்டுக்கு இரண்டு வரி எழுதிவிட்டு, திரும்பி வரும்போது புதிய கார்டு ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். அவர் அதைத் தொடவில்லை.

"இனிமே எழுதி என்ன டீச்சர்? ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள சேராது."

"சேராது."

"பெறவு எதுக்கு?"

"வீடு திரும்பும்போது வாசல்ல கிடக்கும்."

அருமைநாயகம் கார்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்தார். வலது பக்கம் மாரெட்டின் முகவரியை எழுதினார். நாட்டின் பெயரை எல்லாவற்றையும்விடப் பெரிதாக எழுதினார். தன் முகவரியை எழுதவில்லை.

இடது பக்கம் வெறுமையாக இருந்தது. பேனா அதன் மேல் வந்து நின்றது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"அந்தம்மா திரும்பி வராமப் போயிட்டா?"

பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பூரணியின் கை நின்றது.

டீச்சர் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அந்த வீட்டைத் திறக்க யாராவது ஒருத்தர் வருவாங்க ஐயா. அவங்களும் படிக்கிற மாதிரி எழுதுங்க."