செசிலிக்கு வந்த மூன்று வரி

“ஏன் மேடம் என் ஆய்வேட்டுல கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டார் ஐயம்பெருமாள்.

ரஹ்மத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உட்காருங்க சார்.”

நாகர்கோவிலில் ஒரு பொறியியல் கல்லூரி அது. ஐயம்பெருமாள் அங்கே ஆராய்ச்சி மாணவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவருக்கு வழிகாட்டியான ரஹ்மத்துக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஒரு காலத்தில் ஐயம்பெருமாள் பாடம் எடுத்த வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்.

இப்போது ஐயம்பெருமாள் அவரை மேடம் என்பார். ரஹ்மத் இவரை சார் என்பார். எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தும் இரண்டு பேரும் விடுவதாக இல்லை.

கல்லூரிக்கென்று சின்னதாக ஒரு செயற்கைக்கோள் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. செல்போன் கோபுரம் எட்டாத ஆழ்கடலில் கிடக்கும் படகுகளிடமிருந்து சேதிகளை வாங்கி அது கரைக்குத் தரும். ஆனால் காலையில் இரண்டு சுற்று, மாலையில் இரண்டு சுற்று, ஒவ்வொன்றிலும் தலைக்கு மேலே சில நிமிடங்கள்தான் இருக்கும். அதற்குள் எல்லாப் படகும் பேசி முடித்தாக வேண்டும்.

ஐயம்பெருமாள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அவர் எழுதிய நிரல் செயற்கைக்கோளுக்குள் இருந்துகொண்டே ஒவ்வொரு சேதியையும் படிக்கும். பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளும். மற்றதைத் தள்ளிவிடும். பத்துப் படகு பேசுகிற நேரத்தில் நூறு படகு பேசலாம்.

“அதுல தப்பு ஏதும் இருக்கா?” என்றார் ஐயம்பெருமாள்.

“இல்ல சார்.”

“பொருள் எங்கேயாவது மாறுதா?”

“மாறல. ராத்திரி பகலா சோதிச்சுப் பார்த்தாச்சு. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க.”

“பின்ன என்ன?”

ரஹ்மத் இப்போதுதான் திரையிலிருந்து திரும்பினார்.

“நாளைக்குக் காலையில வர்ற சுற்றுக்கு உங்க புரோகிராமை ஓட விடுறேன். ஒரே ஒரு சேதியை மட்டும் வீட்டுக்காரங்க போனுக்கு அனுப்பாம உங்க போனுக்கு அனுப்புறேன். நீங்களே கொண்டுபோய்க் குடுங்க.”

“தபால்காரன் மாதிரியா?”

“அப்படித்தான்.”

ஐயம்பெருமாள் எழுந்துகொண்டார். வாசலில் நின்று, “நீங்க படிக்கிற காலத்துலயும் இப்படித்தான். கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொன்னதே கிடையாது” என்றார்.

“நீங்களும் மார்க்கைக் குறைச்சதே கிடையாது” என்றார் ரஹ்மத்.

*

மறுநாள் காலை ஐயம்பெருமாள் மேற்குக் கடற்கரையில் ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். சொன்ன வீடு தேவாலயத்துக்குப் பின்புறத் தெருவில் இருந்தது. செசிலி என்ற பெண் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் ராயப்பன் படகேறி இரண்டு வாரமாகிறது.

ஐயம்பெருமாள் தான் யாரென்று சொன்னார். சேதி வந்ததும் கைப்பேசியை நீட்டினார்.

மூன்றே வரி.

‘நலம். சூரை மீன் சிறிது கிடைத்தது. முழங்கால் வலி.’

செசிலி படித்தார். மறுபடியும் படித்தார். உரித்த வெங்காயம் மடியிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது.

“இது யார் அனுப்பினது?”

“உங்க வீட்டுக்காரர்தான்மா.”

“இல்ல.”

“அவர் படகுல இருக்கிற கருவியிலேர்ந்துதான் வந்திருக்கு.”

“கருவி அவருதா இருக்கும். பேச்சு அவருது இல்ல.” அவர் குரல் தணிந்துபோயிருந்தது. “அவரு முழங்கால்னு சொல்ல மாட்டாரு. முட்டிம்பாரு. நலம்னு ஒரு வார்த்தை அவரு வாயில வந்து நான் கேட்டதே இல்ல.”

“கொஞ்சம் சுருக்கியிருக்கோம். அவர் சொன்னது எல்லாம் இதுல இருக்கு.”

செசிலி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“போன வருசம் எதிர் வீட்டு ஆளு கடல்லயே போயிட்டாரு. கரைக்கு வர்ற வரைக்கும் அவரு பொஞ்சாதி பயந்துரக் கூடாதுன்னு, கூட இருந்தவங்க அவரு பேர்ல சேதி அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. சுகம், சுகம்னு. நான்தான் அவளுக்குப் படிச்சுக் காட்டினேன்.”

ஐயம்பெருமாள் கைப்பேசியைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

“உண்மையைச் சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன். அவருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலம்மா. சத்தியமா.”

“அப்ப அவரு சொன்னதைக் காட்டுங்க.”

காட்ட அவரிடம் எதுவும் இல்லை. பொருளை எடுத்ததும் மற்றதை அழித்துவிடும்படி எழுதியிருந்தார். இடம் மிச்சமாகும் என்று அதற்காகவே ஓர் அத்தியாயம் எழுதியிருந்தார்.

தெருவுக்கு வந்து ரஹ்மத்தைக் கூப்பிட்டார்.

“மேடம், புரோகிராமை நிறுத்திருங்க.”

“சரி சார்.”

“ராயப்பன் கருவியில பழைய சேதி இன்னும் இருக்கும்ல? அதை அப்படியே மறுபடி அனுப்பச் சொல்லுங்க.”

“அடுத்த சுற்றுல கேக்குறேன். ஒன்றரை மணி நேரம் ஆகும்.”

“ஆகட்டும்.”

“அதுவரைக்கும் நீங்க?”

“இங்கேயே இருக்கேன்.”

திரும்பி வந்தபோது செசிலி இருந்த இடத்திலேயே இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஏதோ கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். ஐயம்பெருமாள் வாசற்படியில் உட்கார்ந்தார். தரையில் கிடந்த வெங்காயத்தைப் பொறுக்கித் தட்டில் போட்டார். கூடையில் மிச்சம் இருந்ததை ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினார்.

அவர் கண்ணில் நீர் வழிந்தது. செசிலி பார்த்தார். கத்தியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வெயில் படியேறி வந்தது.

கைப்பேசி ஒலித்தது. அவர் படித்துப் பார்க்கவில்லை. அப்படியே நீட்டினார்.

‘ஏ செசிலி. நேத்து பூரா வலையில ஒண்ணும் இல்ல. காலையில கொஞ்சம் சூரை பட்டுது. சமையக்காரன் கறியில உப்பை அள்ளிக் கொட்டிட்டான். உன் கறியை நெனச்சுக்கிட்டுத் தண்ணியக் குடிச்சேன். முட்டி வலிக்குது. வலிக்கலன்னா நீ நம்பவா போற. கோழிக்கூட்டை அடைச்சியா, நாய் வரும். கனாவுல நீ வந்து திட்டின. எதுக்குன்னு மறந்துபோச்சு. எதுக்கும் மன்னிச்சிரு.’

செசிலி பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்தார். முடிக்கும்போது சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

பிறகு திரும்பி, “இவருதான்” என்றார்.

ஐயம்பெருமாள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

“நான் வர்றேன்மா.”

“எங்க போறீங்க? சாப்பிட்டுப் போங்க. அதுக்கு முன்னால அவருக்குப் பதில் எழுதுங்க.”

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

செசிலி சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினார். உப்பு கூடிப்போனால் ஓர் உருளைக்கிழங்கை வெட்டிப் போட வேண்டும், அதைக்கூடச் சொல்லித்தர வேண்டுமா என்று முதலில் திட்டு வந்தது. முட்டிக்குத் தைலம் பையின் அடியில் பச்சைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறது, தேடவே மாட்டீர், எனக்குத் தெரியும். கோழி எட்டு முட்டை வைத்து அடைகாக்கிறது. ஜெபமாலையம்மா பேத்திக்குப் பெண் பிறந்திருக்கிறது, மூக்கு உம்முடையது மாதிரி சப்பை, ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. கனவில் வந்து திட்டியது நான்தான். எதற்கென்று நேரில் வாரும், சொல்கிறேன்.

“அவ்வளவுதானாம்மா?”

“இருங்க. இன்னைக்கு ஒரு சாரு வந்து என்னைப் பயங்காட்டிட்டாருன்னும் போடுங்க. நல்ல மனுசன்தான், வெங்காயமெல்லாம் உரிச்சாருன்னும் போடுங்க.”

அதையும் போட்டார்.

பிறகு ரஹ்மத்தைக் கூப்பிட்டார்.

“மேடம், சாயங்காலச் சுற்றுல ஒரு பதில் அனுப்பணும். நீளமா இருக்கு. ஒரு படகுக்கு ஒதுக்கியிருக்கிற எழுத்துல அடங்காது. ரெண்டு மூணு சுற்றாப் பிரிச்சுத்தான் அனுப்ப முடியும்.”

“நாளைக்குக் காலை வரைக்கும் ஆயிருமே சார்.”

“ஆகும்.”

“உங்க புரோகிராம்ல போட்டா ஒரே சுற்றுல போயிருமே.”

ஐயம்பெருமாள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் மேலே போனார்.

“போட்டுப் பாக்கலாம்னுதான் நெனச்சேன் மேடம்” என்றார். “எதைத் தள்ளுறதுன்னு தெரியல.”