நட்சத்திரம் போட்ட ரத்தம்

சிற்றாற்றங்கரை மடத்தில் சங்கரலிங்கத்தை மிஞ்சிய விரதக்காரர் கிடையாது. ஒரு நாளைக்கு ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் கையளவு. ஆள் ஊதுவத்தி மாதிரி இருப்பார், புகை மட்டும்தான் வராது. வயது ஐம்பத்தொன்று. அவருடைய குரு கோமதி அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

சங்கரலிங்கத்துக்கு ஒரே ஒரு பயம். அவருடைய அண்ணன் ஐம்பத்திரண்டு வயதில், குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

மடத்தில் ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. முடிவு வந்த அன்று சங்கரலிங்கம் இரண்டு தாள்களோடு குருவிடம் ஓடினார்.

“அம்மா, ரிப்போர்ட் மாறிப்போச்சு. கெட்ட கொலஸ்ட்ரால் நூறுக்குள்ள இருக்கணுமாம். எனக்கு நூத்தித் தொண்ணூத்தி மூணுன்னு போட்டு, ஜாஸ்தின்னு காட்ட நட்சத்திரம் வேற. சமையல்கட்டு நல்லசிவத்துக்குத் தொண்ணூறாம்! அந்தத் தொந்திக்குத் தொண்ணூறா?”

“ரத்தம் எடுத்தப்ப பேரை ஒட்டினாங்களே, பாத்தீங்களா?”

சங்கரலிங்கம் கூரையைப் பார்த்தார். “பாத்த மாதிரியும் இருக்கு, பாக்காத மாதிரியும் இருக்கு.”

“சரி, மாறினதாவே இருக்கட்டும். அப்ப அந்த நட்சத்திரம் நல்லசிவத்தோடது. உடனே போய்ச் சொல்லுங்க. உயிர் விஷயம்.”

நல்லசிவம் சர்க்கரைப் பொங்கலில் நெய் ஊற்றிக்கொண்டிருந்தார். சங்கரலிங்கம் தொண்டையைக் கனைத்து, பெரிய டாக்டர் மாதிரி ஒரு குரலை வரவழைத்துக்கொண்டார்.

“ஓய், உமக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் நூத்தித் தொண்ணூத்தி மூணு.”

கரண்டி நின்றது. “நெசமாவா?”

“தாள்ல போட்டிருக்குவே.”

நல்லசிவம் அலறவில்லை. கையைக் கழுவினார். அந்த ஈரக் கையாலேயே சங்கரலிங்கத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நீரு நல்லா இருக்கணும்வே. நெஞ்சு வலிக்கிறதுக்கு முன்னாலயே சொல்லிட்டீரு. எத்தனை பேருக்கு இந்தக் கொடுப்பினை உண்டு? வைகாசியில மகளுக்குக் கல்யாணம். நான் இருக்கணும்லா? இந்தா, டாக்டரைப் பாத்துட்டு வாரேன்.”

அடுப்பை அணைத்தார். அவசரத்தில் சட்டையை உள்பக்கம் வெளியே வரப் போட்டார். கழற்றித் திரும்பப் போட்டார். வாசலில் போன ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு ஏறி உட்கார்ந்தும் விட்டார்.

சங்கரலிங்கத்தின் கையில் அந்த ஈரம் இன்னும் காயவில்லை.

“நில்லும்வே!” என்று ஓடினார். “அது உம்மது இல்ல. என்னோடது. பேரு எழுதும்போது இனிஷியல் வரைக்கும் நான்தான் சொன்னேன். ஒண்ணும் மாறலை.”

நல்லசிவம் அவரை மேலும் கீழும் பார்த்தார். “பாவி மனுசா, ஆட்டோ வரைக்கும் ஏற வச்சிட்டீரே!”

சங்கரலிங்கம் தலையைத் தொங்கப் போட்டார்.

நல்லசிவம் நகர்ந்து இடம் விட்டார். “ஏறும். எனக்குன்னா போகணும், உமக்குன்னா வேண்டாமா?”

சாயங்காலம் சங்கரலிங்கம் மாத்திரைப் பொட்டலத்தோடு குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணனுக்கும் இதுவே இருந்திருக்கலாம்னு டாக்டர் சொல்லுதாரு அம்மா. சாப்பாடு மட்டும் காரணம் இல்லையாம். கல்லீரலே கொலஸ்ட்ராலை உண்டாக்குமாம். சில குடும்பத்துல அது ரத்தத்துல தங்கிருமாம். ஒல்லியா குண்டான்னு பாத்துச் சொல்ல முடியாதாம். காலாகாலத்துல வந்தீரு, மாத்திரையை விடாதேயும்னாரு.”

“நல்லது.”

“நல்லசிவம் மாத்திரைக்கு வரிசையில நின்னாரும்மா. எனக்காக.”

“நல்லது.”

சங்கரலிங்கம் மாத்திரைப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணுதான் ஆறலை அம்மா. இருபது வருச விரதம். இந்த ரத்தம் அதை ஒரு பொருட்டா மதிக்கலையே?”

கோமதி அம்மை சிரித்தார்.

“மடமே உங்க விரதத்தைப் பாத்து அசந்துபோச்சு, சங்கரலிங்கம். அசராம உங்க உயிரைப் பாத்தது அந்த ரத்தம் ஒண்ணுதான்.”