ஐந்து நாட்டுக் கோப்பி

ஒஸ்லோவில் ஐந்து நாடுகளின் கூட்டு ஆராய்ச்சி மாநாடு. நாட்டுக்கொரு மேசை; அடுத்த மேசைக்காரரோடு ஒருவரும் வாய் திறக்கவில்லை. "ஒத்துழைப்பு!" என்று மைக்கில் முழங்கிக் களைத்த தலைவர் ஹால்வர்சன், கோப்பி ஊற்றும் தவமலர்மேல் பாய்ந்தார்.

"உன்ர கோப்பியைக் குடிச்சுப்போட்டும் தூங்குதுகள்! இண்டைக்கு இவையளைக் கதைக்க வை. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராதை."

இடைவேளையில் தவமலர் டென்மார்க் மேசையில் பாலை மட்டும் வைத்தாள். சுவீடனுக்குக் குவளைகள், பின்லாந்துக்குக் கோப்பி, ஐஸ்லாந்துக்குச் சீனி, நோர்வேக்குக் கேக்.

கோப்பியில்லாமல் அந்தச் சனம் எவ்வளவு நேரம் மானத்தோடு இருக்கும்? மண்டபம் சந்தையாகிவிட்டது. பால் கேட்கப் போனவர்கள் ஆராய்ச்சியும் பேசிவிட்டே திரும்பினார்கள்.

தலைவர் வெறுங்கையோடு வந்தார். "எனக்கு மட்டும் ஒண்டும் வைக்கேல்லையே?"

"உங்களிட்டை மைக் இருக்கே, ஐயா. அதை ஒருத்தரும் வந்து கேக்கேல்லையோ? சரி, நாளைக்கு வழமைபோல வாறன்."