புதுக் கம்ப்யூட்டரில் பழைய டிஸ்க்

"இது செத்துப்போச்சு டீச்சர்," என்றார் அருளப்பன்.

ஜெய்னம்பு நிமிரவில்லை. "யாரு சொன்னா?"

"கம்ப்யூட்டர்தான் சொல்லுது. இப்படி ஒரு ஹார்ட் டிஸ்க்கே இல்லைங்குது. ரெண்டு நாளா மாட்டி மாட்டிப் பார்க்கேன்."

அருளப்பனுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஜெய்னம்புவுக்கு முப்பத்தொன்று. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் அவள் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறாள். அவர் அவளிடம் தொழில் கற்க வந்து ஐந்து மாதம்.

எதிரில் கிரேஸ்மணி உட்கார்ந்திருந்தாள். டிஸ்க் அவள் கொண்டுவந்தது. மூடிப்போன ஒரு குழந்தைகள் இல்லத்தின் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது.

நாலு வயதில் அவளை அந்த இல்லத்தில் யாரோ விட்டுவிட்டுப் போனார்கள். கிரேஸ்மணி என்பது அங்கே வைத்த பெயர். அதற்கு முன்னால் என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது. சேர்க்கைப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. நகல் ஒன்று இந்த டிஸ்க்கில் இருக்கலாம்.

"இருக்கலாம்" என்றுதான் பழைய வார்டனும் சொன்னார்.

ஜெய்னம்பு டிஸ்க்கைக் கையில் வாங்கினாள். பின்பக்கம் வரிசையாகக் கம்பி முனைகள். இரண்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்தபடி அரிசி அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு.

"அண்ணாச்சி, இது அந்தக் காலத்துல இன்னொரு டிஸ்க்குக்குக் கீழே வேலை பார்த்தது. மூத்தது கூட இருந்தாத்தான் வாயைத் திறக்கும்."

"சரி."

"'இப்போ நீ தனி ஆளு'ன்னு இதுக்கிட்ட சொன்னீங்களா?"



அவள் இடுக்கியால் அந்தத் துண்டைப் பிடுங்கி, பக்கத்து முனைகளில் செருகினாள். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டிச் சுவிட்சைப் போட்டாள்.

மேஜை லேசாக அதிர்ந்தது. பதினெட்டு வருடம் சுற்றாத ஒன்று சுற்ற ஆரம்பித்தது.

"செருப்பை ஏன் கழற்றினீங்க அண்ணாச்சி?"

அருளப்பன் குனிந்து பார்த்தார். "தெரியலை டீச்சர்."

கோப்பு இருந்தது. திறந்தது. கிரேஸ்மணி எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

எண்கள் ஒழுங்காக இருந்தன. அவளைக் கொண்டுவந்து விட்ட தேதியைத்தான் இல்லத்தில் பிறந்தநாளாகக் கொண்டாடினார்கள். அந்தத் தேதி இருந்தது: 14.06.1999. வயது 4.

பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் இப்படி இருந்தது:

Nguhr;rp

மற்ற கட்டங்களிலும் இதே கூத்துதான். இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கொட்டிக் கிடந்தன.

அருளப்பன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "உள்ளே அழுகிப்போச்சும்மா. எண்ணு மட்டும்தான் தப்பிச்சிருக்கு."

"பரவாயில்லை சார்," என்றாள் கிரேஸ்மணி. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். படிக்கட்டின் மேல்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நின்றாள்.

ஜெய்னம்பு கீபோர்டை அருளப்பன் முன்னால் தள்ளினாள்.

"அந்தக் கட்டத்துல இருக்கறதை அப்படியே அடிங்க."

"எதுக்கு டீச்சர்?"

"அடிங்க."

அவர் ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தேடிக் குத்தினார்.

"கோழி கொத்துத மாதிரி வேண்டாம். முன்னாடி அடிப்பீங்கல்ல, அப்படி."

முன்னாடி என்றால் பத்திரப் பதிவு அலுவலக வாசலில். இருபத்தாறு வருடம் அங்கே உட்கார்ந்து தமிழ் டைப்ரைட்டரில் ஊரார் மனுக்களை அடித்தவர் அவர்.

"அது வேற மிஷின். அதுல தமிழ் இருந்துச்சு. இதுல எல்லாம் இங்கிலீஷ்."

"விரலுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் திரையை அணைத்தாள். "பத்து விரலையும் வைங்க. நான் சொல்லுதேன்."

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் கீபோர்டைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார்.

"மறுபடி."

அழுத்தினார்.

"இப்போ கண்ணை மூடிட்டு. நான் சொல்ல மாட்டேன்."

அருளப்பன் கண்ணை மூடினார். முதுகு தானாக நிமிர்ந்தது. வலது ஆள்காட்டி விரல் கீழே இறங்கியது. இடது ஆள்காட்டி விரல் பக்கத்துக்கு நகர்ந்தது. பிறகு வலது. மறுபடி வலது.

விரல்கள் நின்றன.

"டீச்சர்."

"ம்."

"எனக்கு மேலெல்லாம் என்னவோ பண்ணுது."

"இந்தப் பெட்டிகளுக்குத் தமிழ் தெரியறதுக்கு முன்னாடி அடிச்சது அண்ணாச்சி. உங்களை மாதிரி டைப்ரைட்டர் பழகின ஒருத்தர், அதுல தமிழ் எழுத்து இருக்கற இடத்துலயே விரலை வச்சு அடிச்சிருக்கார். எந்த விரல் எங்கே விழுந்துச்சோ, அதை மட்டும் இது இங்கிலீஷ்ல எழுதி வச்சிருக்கு."

அருளப்பன் கண்ணைத் திறக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து மிச்சத்தையும் அடித்தார். இடது ஆள்காட்டி. வலது சுண்டு விரல். இடது. மறுபடி சுண்டு விரல்.

உதடு அசைந்தது. பிறகு வாய்விட்டுப் படித்தார்.

"பேராச்சி."

படிக்கட்டில் நின்றவள், வீட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி வெடுக்கென்று திரும்பினாள்.

"என்னம்மா?" என்றாள்.