கண்ணின் வெள்ளை

ஆற்றங்கரை அகழாய்வுக் குழியில் எட்டு வருஷமாக மண் சலித்தவன் திருமேனி. ஆதிமனிதரின் எலும்பு ஒன்றைத் தன் கையால் எடுக்க வேண்டும், எல்லாரும் 'அம்மா' என்று கூப்பிடும் குழியின் தலைவி ஆவுடையம்மாள் வாயால் ஒரு 'சபாஷ்' வாங்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. கிடைத்ததெல்லாம் மாட்டெலும்பு.

ஆடியில் வந்து சேர்ந்த சேந்தனுக்கு ஐப்பசியிலேயே கிடைத்துவிட்டது ஆதிமனிதரின் கடைவாய்ப்பல் ஒன்று. பல லட்சம் வருஷப் பழசு. அம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "சபாஷ்டா!" என்று அவன் முதுகில் தட்டினார். முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைத்தது என்பார்களே, அது அன்று திருமேனிக்கு நடந்தே விட்டது. வயிறு பற்றி எரிந்தது.

அந்தக் குழியில் ஒரு வழக்கம் உண்டு. கண்டெடுத்தவரே சாயங்காலம் அதை எடுத்துப்போக வண்டி வரும்வரை காக்க வேண்டும். தொலைத்தால் மறுபடி குழியில் கால் வைக்க முடியாது. அம்மா போட்ட சட்டம், அவரே மீறமாட்டார்.

சேந்தன் கைகழுவப் போன நேரத்தில், பஞ்சுப் பொட்டலத்தில் இருந்த பல் சமையல் கொட்டகை உப்புச் சாடிக்குள் போய்விட்டது. போட்டது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

மத்தியானத்துக்குள் இடமே அல்லோலகல்லோலப்பட்டது. சேந்தன் பேயறைந்தவன் போல மண்ணில் தவழ்ந்து தேடினான். பாவம், அழுதே விட்டான். திருமேனியும் கூடவே தேடினான். ஐயோ, என்ன நடிப்பு!

அம்மா தேடவில்லை. சமையல் கொட்டகையில் உட்கார்ந்து டீ குடித்தார். திருமேனியைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார்.

"அவனை அனுப்பிடப் போறீங்களாம்மா?"

"வண்டி அஞ்சு மணிக்குத்தானே வருது? பார்க்கலாம். ஆமா, குரங்குக் கண்ணைக் கிட்டத்துல பார்த்திருக்கியா?"

"பார்த்திருக்கேன். முழுக்கக் கருப்பா இருக்கும்."

"அது எதைப் பார்க்குதுன்னு சட்டுனு தெரியுமா?"

"எங்க தெரியும்?"

"நம்ம முன்னோருக்கு மட்டும் ஏன் கண்ணுல இவ்வளவு வெள்ளை வந்துச்சு?"

அம்மா தன்னை இப்படி உட்கார வைத்துக் கேட்டதே இல்லை. திருமேனிக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"அது நஷ்டம்தானேம்மா? கருமணி எந்தப் பக்கம் ஓடினாலும் அடுத்தவனுக்குத் தெரிஞ்சிடும். பழத்தை ஒளிச்சு வெச்ச இடத்தைக் கண்ணே காட்டிக் கொடுத்துடும்."

"கொடுக்கும்தான். இருந்தும் அந்தக் கண்ணு உள்ளவங்கதான் பிழைச்சாங்க."

"எப்படி?"

"ஒருத்தன் புதரைப் பார்த்தான். கூட இருந்தவங்களும் திரும்பிப் பார்த்தாங்க. அங்க புலி இருந்துச்சு."

அம்மா டீயை ஊதி ஒரு வாய் குடித்தார்.

"நீ வந்து உட்கார்ந்ததுலேருந்து என் முகத்தை ரெண்டு தடவை பார்த்தே. அந்த உப்புச் சாடியை ஒன்பது தடவை."

திருடனுக்குத் தேள் கொட்டினது போல ஆயிற்று. கத்தவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

"எட்டு வருஷத்துல என்னை ஒரு தடவை தட்டிக் கொடுத்திருப்பீங்களாம்மா?" என்றான் திருமேனி.

"இல்லை," என்றார் அம்மா. "என் தப்புதான்."

திருமேனி எழுந்துபோய்ச் சாடிக்குள் கைவிட்டான். பல்லை எடுத்துத் துண்டால் துடைத்தான். வெளியே சேந்தன், ஏற்கெனவே பார்த்த மண்ணையே திரும்பவும் சலித்துக்கொண்டிருந்தான்.

"நீங்களே கொடுத்துடுங்கம்மா. எங்கேயோ கிடந்துச்சுன்னு சொல்லிடுங்க. அவன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"தலையைக் குனியாம போ," என்றார் அம்மா. "குனிஞ்சா உன் கண்ணு அவனுக்குத் தெரியாது."